சிசிஎன்ஏ-வுக்கு வீட்டிலேயே லேப்... கட்டுறதே உடைக்கத்தான்!

``சிசிஎன்ஏ படிக்கப்போறேன். லேப் போட ரவுட்டர், ஸ்விட்ச், ரேக் எல்லாம் வாங்கணும். எவ்வளவு ஆகும்?" நெட்வொர்க்கிங் பக்கம் புதுசா வர்றவங்க முதலில் கேட்கிற கேள்வி இதுதான். பதில் உங்க பர்ஸுக்கு சந்தோஷமானது. முதல் மூணு மாசத்துக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. ஓரளவு ஓடுற லேப்டாப் ஒண்ணு இருந்தா போதும்.

அப்போ லேப்பே வேண்டாமா? கண்டிப்பா வேணும். சிஸ்கோவின் 200-301 தேர்வுக்கான கட்டணம் 300 டாலர். நம்ம பணத்தில் 25,000 ரூபாயைத் தாண்டிவிடும். தோற்றால் அடுத்த முறை மறுபடியும் முழுப் பணம் கட்டணும். 120 நிமிட நேரத்துக்குள், ரவுட்டரிலும் ஸ்விட்சிலும் கட்டளைகளை நீங்களே அடித்துக் கட்டமைக்கிற கேள்விகளும் வரலாம். புத்தகத்தில் படித்த கை அங்கே தந்தியடிக்கும். அடித்துப் பழகிய கை ஓடும்.

`கேள்வித்தாள் டம்ப் வாங்கி மனப்பாடம் பண்ணி பாஸ் பண்ணிட்டா?' என்று ஒரு குரல் கேட்குது. பிடிபட்டால் சான்றிதழையே ரத்து செய்வார்கள். பிடிபடாவிட்டாலும், அதற்கு அடுத்த கட்டமான இன்டர்வியூவில் மாட்டுவீர்கள். எனக்குத் தெரிந்த நெட்வொர்க் இன்ஜினீயர் ஒருவர், வருகிற எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். ``ஒரு கம்ப்யூட்டருக்கு 169.254-ல் ஆரம்பிக்கிற ஐபி வந்திருக்கு. முதல்ல எதைப் பார்ப்பீங்க?" சான்றிதழ் வைத்திருப்பவர்களிலும் பலர் அங்கேயே முழிக்கிறார்களாம். அந்தக் கேள்விக்குக் கொஞ்ச நேரத்தில் வருவோம்.

முதலில் லேப்டாப்

ஆரம்பிக்க வேண்டியது பேக்கெட் ட்ரேசரில். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் ஒரு கணக்கு தொடங்கினால் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ரவுட்டர், ஸ்விட்ச், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மவுஸால் இழுத்துப்போட்டு, கேபிள் மாட்டி, கட்டளை அடிக்கலாம். 8 ஜிபி ரேம் இருக்கிற லேப்டாப்பில் தாராளமாக ஓடும். வயர்லெஸ் கன்ட்ரோலர்கூட உள்ளே இருக்கு. பழைய ரவுட்டர்களை வாங்கி அடுக்கினாலும் அந்த வசதி உங்களுக்குக் கிடைக்காது.

ஆனா, இது நிஜ சிஸ்கோ மென்பொருள் இல்லை, அதைப்போல நடிக்கிற ஒன்று. சில கட்டளைகள் வேலை செய்யாது. அந்தக் குறை தெரிய ஆரம்பிக்கும்போது, சிஸ்கோவின் சிஎம்எல் இலவசப் பதிப்புக்கு மாறலாம். நிஜ மென்பொருளே அதில் ஓடும். ஒரே நேரத்தில் ஐந்து கருவிகள் வரை ஓட்டலாம். இதற்கு 16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி இரண்டும் நல்ல கருவிகள்தான். ஆனா அவற்றுக்கு ரவுட்டர் மென்பொருளை நீங்களே கொண்டுவரணும். டெலிகிராமில் யாரோ பகிர்ந்ததை இறக்கிடாதீங்க. லைசென்ஸ் பிரச்னை ஒருபக்கம், அதுக்குள்ள வேற என்ன இருக்குன்னு தெரியாதது இன்னொரு பக்கம்.

பழைய பெட்டி வாங்கலாமா?

வாங்கியே ஆகணும்னு இல்லை. ஆனா, ஆசைப்பட்டா ஒரு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர் போதும். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில், அலுவலகங்கள் கழித்துப்போட்ட கேட்டலிஸ்ட் 2960 ஸ்விட்ச், 1941 ரவுட்டர் எல்லாம் பார்க்கலாம். கடையிலேயே கரன்ட் கொடுத்து ஓட்டிக்காட்டச் சொல்லுங்க. நீல நிறத் தட்டை கன்சோல் கேபிளும், அதை லேப்டாப்பில் மாட்ட யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரும் கையோடு எடுத்துட்டுப் போங்க. புட்டி மென்பொருளில் வேகத்தை 9600 என்று வைத்துத் திறந்தால், அது பூட் ஆகிற எழுத்துகள் ஓடணும். `ரோம்மான்' என்று நின்றுவிட்டால், உள்ளே மென்பொருளே இல்லாமல் இருக்கலாம். பேரம் பேச அதுதான் இடம்!

பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு கேட்டால் பயப்படாதீங்க. அதை உடைப்பதே ஒரு நல்ல பாடம். ரவுட்டர் பூட் ஆகும்போது பிரேக் அனுப்பி ரோம்மானுக்குள் போய், கான்ஃபிக் ரிஜிஸ்டரை 0x2142 என்று மாற்றி ரீசெட் செய்தால், சேமித்த செட்டிங்ஸைப் படிக்காமல் எழுந்திருக்கும். வேலை முடிந்ததும் 0x2102-க்குத் திருப்பணும். இதை மறந்தால், நீங்க எவ்வளவு சேமித்தாலும் அடுத்த முறை காலியாகவே எழும். மறந்தவர்களுக்குத்தான் அந்த ராத்திரி தெரியும்.

வாங்கும் முன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இந்தப் பெட்டிகளின் ஃபேன் சத்தம் ஹாலில் சீரியல் பார்ப்பவர்களைச் சும்மா விடாது. கரன்ட் பில்லும் இருக்கு. இரண்டும் சேர்ந்து 60 வாட் இழுக்குதுன்னு வெச்சுப்போம். 24 மணி நேரமும் ஓடினால், இரண்டு மாசத்துக்கு 86 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கிற 100 யூனிட் இலவசத்தில் பெரும்பகுதியை இதுவே விழுங்கிடும். பயிற்சி முடிந்ததும் சுவிட்சை அணைச்சிடுங்க.

கட்டியாச்சு... இப்ப உடைங்க!

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். யூடியூபில் ஒருவர் அடிக்க அடிக்க, பார்த்து அடிப்பார்கள். பிங் போகும். `லேப் முடிஞ்சது' என்று மூடிவைத்துவிடுவார்கள். அது லேப் இல்லை, காப்பி எழுதுவது.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பில்லிங் கவுன்டருக்கு வி-லேன் 10, அக்கவுன்ட்ஸுக்கு வி-லேன் 20. இரண்டு ஸ்விட்ச், நடுவில் ட்ரங்க் இணைப்பு, ஒரு ரவுட்டர். ஐபி முகவரி தருவது ரவுட்டரின் டிஹெச்சிபி. எல்லாம் ஓடுது. இப்போ குடோனுக்காக வி-லேன் 30 சேர்க்கணும். ட்ரங்க் போர்ட்டில் `ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு வி-லேன் 30' என்று அடிங்க. 30 சேர்ந்திருக்கும்னு நினைப்பீங்க. இல்லை. பழைய பட்டியலே அழிந்து, 30 மட்டும்தான் அங்கே இருக்கும். அந்த ட்ரங்க் வழியாகப் போய்வந்த பில்லிங்கும் அக்கவுன்ட்ஸும் மொத்தமாக அவுட்! `வி-லேன்' என்பதற்கும் 30-க்கும் நடுவில், `சேர்' என்று பொருள்படும் `ஆட்' என்ற ஒரு சொல் விடுபட்டதால் வந்த வினை.

வீட்டில் இது நடந்தால் சிரிக்கலாம். தீபாவளிக்கு முந்தைய நாள் நிஜக் கடையில் நடந்தால்?

இப்போ அந்த இன்டர்வியூ கேள்வி. ட்ரங்கைத் தாண்டி உட்கார்ந்திருக்கும் அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டரை மறுபடி ஐபி கேட்கச் சொல்லுங்க. டிஹெச்சிபி-யிடமிருந்து பதில் வராது. கம்ப்யூட்டர் தனக்குத்தானே 169.254-ல் ஒரு முகவரி போட்டுக்கொள்ளும். உடனே டிஹெச்சிபி-யைத் திட்டாமல், கீழிருந்து மேலே போங்க. கேபிள் விளக்கு எரியுதா? `ஷோ வி-லேன் ப்ரீஃப்' அடித்தால், அந்த போர்ட் 20-ல் இருக்கா? `ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்' அடித்தால், அந்தப் பக்கம் 20 அனுமதிக்கப்பட்டிருக்கா? கடைசியாகத்தான் டிஹெச்சிபி. இந்த வரிசை கைக்கு வந்துவிட்டால், அவர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் நீங்க பதிலைத் தொடங்கிடுவீங்க.

அடுத்து ஓஎஸ்பிஎஃப். இரண்டு ரவுட்டரில் ஒன்றின் ஹலோ நேரத்தை 10 நொடியிலிருந்து 15 ஆக்குங்க, பக்கத்து ரவுட்டரோடு உறவே முறிஞ்சிடும். ஒருபக்கம் மட்டும் எம்டியு அளவைக் குறைச்சுப் பாருங்க, எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே தொங்கி நிற்கும். எது எப்படித் தொங்கும்னு ஒருமுறை கண்ணால் பார்த்துட்டா மறக்காது. தேர்வில் 25 சதவிகிதம், ரவுட்டிங் அடங்கிய ஐபி கனெக்டிவிட்டி பகுதிக்குத்தான். நேரத்தை இங்கே கொட்டலாம். ஆட்டோமேஷன் பகுதிக்கு 10 சதவிகிதம்தான். அதற்கு இந்தப் பெட்டிகள் எதுவும் வேண்டாம்.

நீங்களே உடைத்ததை நீங்களே கண்டுபிடிப்பது சுலபம். அதனால் கூடப் படிக்கிற ஒருவரைச் சேர்த்துக்கோங்க. ஃபைலை அவருக்கு அனுப்பி, `மூணு இடத்துல கெடுத்துட்டு திருப்பி அனுப்பு' என்று சொல்லுங்க. 20 நிமிஷம் டைமர் வெச்சு உட்காருங்க. முதல் வாரம் கண்ணீர் வரும்.

ஒவ்வொரு தவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்க. என்ன தெரிந்தது, எதைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் எது காரணம்... மூணே வரி போதும். நாலு மாசத்தில் நோட்டு பாதி நிறைஞ்சிருக்கும். தேர்வு தேதியை அதுக்கப்புறம் பதிவு பண்ணலாம்.

நிஜப் பெட்டி வாங்கியவர்கள் ஒன்றை மட்டும் விட்டுடாதீங்க. தூரத்திலிருந்து ஒரு ரவுட்டரை மாற்றும் முன், ஓடுகிற செட்டிங்ஸைச் சேமித்துவிட்டு, `ரீலோட் இன் 10' என்று அடிங்க. தவறாக ஏதாவது அடித்து உங்க இணைப்பே அறுந்துபோனாலும், பத்து நிமிஷத்தில் அது தானாக ரீஸ்டார்ட் ஆகி, சேமித்த நிலைக்குத் திரும்பிடும். எல்லாம் சரியாகப் போனால் `ரீலோட் கேன்சல்'. வேண்டுமென்றே இன்டர்ஃபேஸை ஷட்டவுன் பண்ணிட்டு, அந்தப் பத்து நிமிஷம் கையைக் கட்டிட்டு உட்கார்ந்து பாருங்க.