வானம் நோக்கும் வழி – 7: அணையாத சிவப்பு விளக்கு

தரையிறங்கிய விமானம் ஓடுபாதையைவிட்டு விலகி, முனையத்தில் தனக்கான இடத்தைச் சேரும்வரை தன் எஞ்சின்களின் விசையிலேயே சக்கரங்களில் ஊர்ந்து போகிறது. புறப்படும் விமானம் ஓடுபாதைக்கு வருவதும் இப்படித்தான். இந்த நகர்வுக்கு டாக்ஸி என்று பெயர். அதற்கான பாதை டாக்ஸிவே. வானில் இரண்டு விமானங்கள் நெருங்கினால் ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் சொல்லும் டிகாஸ் கருவி இங்கே துணைக்கு வராது. தரையை நெருங்கியதும் அதன் கட்டளைகள் தாமாகவே அடங்கிவிடும். ஊர்ந்து செல்லும் விமானத்தைக் காப்பவை தரையில் தீட்டிய குறிகளும் விளக்குகளும், வானொலியில் பேசப்படும் சொற்களும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் மனத்தில் வைத்திருக்கும் வரைபடமும்தான். மூன்றும் ஒரே படத்தைக் காட்ட வேண்டும். ஒன்று பிசகினாலும் மற்ற இரண்டால் ஈடுகட்டுவது கடினம்.

டாக்ஸிவேயின் நடுவே மஞ்சள் கோடு ஓடுகிறது; விமானத்தின் மூக்குச் சக்கரம் அதன்மேலேயே உருள வேண்டும். இரவில் அந்தக் கோட்டைப் பச்சை விளக்குகளும், பாதையின் ஓரங்களை நீல விளக்குகளும் காட்டும். ஓடுபாதையைத் தொடுவதற்கு முன் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள் வரும். இரண்டு முழுக்கோடுகள், இரண்டு விட்டுவிட்டு வரைந்தவை. முழுக்கோடு தன் பக்கம் இருந்தால் விமானி நின்று அனுமதி பெற வேண்டும். விட்டுவிட்டு வரைந்த கோடு தன் பக்கம் இருந்தால், ஓடுபாதையிலிருந்து வெளியேறுபவர் நிற்காமல் கடக்கலாம். பல விமான நிலையங்களில் அந்த இடத்தில் தரையில் பதித்த சிவப்பு விளக்கு வரிசை ஒன்றும் உண்டு. அனுமதி தரும்போது கோபுரத்திலிருந்து அதை அணைப்பார்கள். எரியும் சிவப்பு வரிசையைத் தாண்டக் கூடாது என்பது உலகப் பொதுவிதி.

இத்தாலியில் மிலன் நகரின் லினாட்டே விமான நிலையத்தில் 2001 அக்டோபர் 8 காலை நடந்தது, இந்தக் காவல்கள் எல்லாம் பெயரளவுக்கு இருந்தும் தவறிப்போன கதை. அன்று அடர்ந்த பனிமூட்டம். இருநூறு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒரு சிறிய செஸ்னா ஜெட்டுக்கு, ஆர்5 என்ற பாதையில் வடக்கே போகும்படி கட்டளை வந்தது. அந்தப் பாதை ஓடுபாதையின் முனையைச் சுற்றிப் போகும். கட்டளையைத் திருப்பிச் சொன்ன விமானி ஆர்5 என்று சரியாகவே சொன்னார். வடக்கு என்ற சொல்லை விட்டுவிட்டார். அந்த விடுபாடு திருத்தப்படவில்லை. பாதை பிரியும் இடத்தில் விமானம் எதிர்ப்பக்கம் திரும்பி, ஓடுபாதையைக் குறுக்கே வெட்டும் ஆர்6-இல் ஊர்ந்தது.

வழியில், தான் எஸ்4 என்ற குறியை நெருங்குவதாக விமானி அறிவித்தார். தரையில் அந்தக் குறி உண்மையில் இருந்தது. கோபுரத்தில் இருந்தவருக்கோ அப்படி ஒரு குறி இருப்பதே தெரியாது. விமானம் எங்கே இருக்கிறது என்பதை உரக்கச் சொன்ன அந்த ஒரு வாக்கியம், கேட்டவரின் வரைபடத்தில் ஒட்ட இடமில்லாமல் போயிற்று. தரையில் ஊரும் விமானங்களைக் கோபுரத்துக்குக் காட்டும் பழைய தரை ரேடார் 1999-இல் நிறுத்தப்பட்டிருந்தது. வாங்கிய புதிய ரேடார் இயங்கத் தொடங்கவில்லை. ஓடுபாதைக்குள் விமானம் நுழைவதை உணர்த்தும் கருவிகளும் சில ஆண்டுகளுக்கு முன்பே முடக்கப்பட்டிருந்தன.

ஆர்6-இல் சிவப்பு விளக்கு வரிசை எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதைக் கோபுரத்திலிருந்து அணைக்கவோ ஏற்றவோ வழியில்லை. அனுமதி பெற்ற விமானத்துக்கும் பெறாத விமானத்துக்கும் அது ஒன்றுபோலவே எரியும். விமானம் ஆர்5-இல் இருப்பதாக எண்ணிய கோபுரம் தொடரலாம் என்றது; அதைக் கேட்ட விமானி சிவப்பு வரிசையைத் தாண்டினார். காலை 8.10 மணிக்கு, மூக்குச் சக்கரம் மேலெழுந்த நிலையில் முழுவேகத்தில் வந்த ஸ்காண்டிநேவிய நிறுவனத்தின் எம்டி-87 விமானம் செஸ்னாவின்மீது மோதியது. சில நொடி எழும்பி, ஓடுபாதைக்கு அப்பாலிருந்த, பயணப்பெட்டிகளைக் கையாளும் கூடத்தில் விழுந்தது. இரு விமானங்களிலும் இருந்த 114 பேரும், கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த 4 பேரும் இறந்தனர்.

விமானியின் தவறு என்று இதை ஒரு வரியில் முடிப்பது நியாயமல்ல. தவறான திருப்பத்தை எந்த விமானியும் எடுக்கக்கூடும். அது மோதலாக மாறுமுன் பிடிப்பதற்காகத்தான் மற்ற ஏற்பாடுகள் எல்லாம். அவை அங்கே பழுதடைந்தோ அணைக்கப்பட்டோ பொருளிழந்தோ கிடந்தன.

இன்றைய பெரிய நிலையங்கள் இந்த இடைவெளிகளைப் பல விதமாக அடைக்கின்றன. விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் என்ற வானொலிக் கருவி அனுப்பும் சமிக்ஞையைப் பல ஏற்புக் கம்பங்களில் வாங்கி, அது வந்துசேரும் நேர வேறுபாட்டிலிருந்து இடத்தைக் கணக்கிட்டு, தரை ரேடாருடன் சேர்த்துத் திரையில் பெயருடன் காட்டும் முறை பரவியிருக்கிறது. அமெரிக்காவில் 35 நிலையங்களில் இது ஏஎஸ்டிஇ-எக்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. மோதல் நெருங்கினால் கோபுரத்தில் ஒலியெழுப்பும். அங்கே சில நிலையங்களில் ஓடுபாதை வாயிலின் சிவப்பு விளக்குகள் மனிதக் கை படாமலேயே, வரும் விமானத்தைக் கண்டு எரிகின்றன. சிங்கப்பூரின் சாங்கியில் ஒவ்வொரு விமானத்துக்கும் முன்னால் அதன் வழியில் மட்டும் பச்சை விளக்குகள் எரியும். விமானி பச்சையைப் பின்தொடர்ந்தால் போதும்.

எனினும் திரையைப் பார்க்க ஒருவர் வேண்டும். டோக்கியோவின் ஹனேடாவில் 2024 ஜனவரி 2 அன்று, புறப்பாட்டு வரிசையில் முதலிடம் என்ற பொருளில் சொல்லப்பட்ட "நம்பர் ஒன்" என்பதைக் கடலோரக் காவல் விமானத்தின் தலைமை விமானி ஓடுபாதையில் நுழைய அனுமதியாக எடுத்துக்கொண்டார். திரையில் எச்சரிக்கை தோன்றியது, அது கவனிக்கப்படவில்லை. இறங்கிய ஏ350 மோதி எரிந்தது. அதிலிருந்த 379 பேரும் உயிருடன் வெளியேறினர்; காவல் விமானத்திலிருந்த 6 பேரில் 5 பேர் இறந்தனர். அதன்பின் அந்தத் திரையைக் கவனிப்பதற்கென்றே தனியாக ஒருவர் அமர்த்தப்பட்டார்.

ஓடுபாதையிலிருந்து விலகி, முனையத்தருகே நடக்கும் மோதல்களில் வேகம் குறைவு, உயிர்ச்சேதம் அரிது. அங்கே சிக்கல் இறக்கை நுனி. ஏ380-இன் இறக்கைகள் ஏறத்தாழ 80 மீட்டர் விரிந்திருக்கும். 2011 ஏப்ரல் 11 இரவு நியூயார்க்கின் கென்னடி நிலையத்தில் ஊர்ந்துகொண்டிருந்த ஓர் ஏ380-இன் இடது இறக்கை, நின்றிருந்த சிறிய சிஆர்ஜே விமானத்தின் வாலில் பட்டு, அதை அப்படியே பக்கவாட்டில் சுழற்றிவிட்டது. யாருக்கும் காயமில்லை. பெரிய விமானத்தின் மூக்குச் சக்கரம் மஞ்சள் கோட்டில் சரியாக இருந்தாலும், அடுத்த விமானம் தன் இடத்துக்குள் முழுவதும் போகாமல் வால் வெளியே நீண்டிருந்தால் இப்படி நேரும். விமானி தன் இருக்கையிலிருந்து அந்த இடைவெளியை அளக்க முடியாது. 2012-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், இறக்கை நுனி எளிதில் கண்ணுக்குத் தெரியாத பெரிய விமானங்களுக்குக் கேமரா போன்ற உதவிக் கருவி வேண்டும் என்று பரிந்துரைத்தது. நெருக்கமான இடங்களில் இன்றும் இரு இறக்கை நுனிகளின் அருகிலும் ஆட்கள் நடந்துவந்து, கையில் ஒளிரும் கோலால் இடைவெளியைக் காட்டுகிறார்கள்.