டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நான்கு ஜமாஅத்துகளின் கூட்டு நிதி



சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காதவருக்கு இது ஆயுள் முழுக்க உள்ள வைத்தியம். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் துண்டேந்தி வசூலிக்கும் தொகை இதற்கு எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே, பக்கத்து மூன்று மஹல்லாக்களின் நிர்வாகிகளோடு சேர்ந்து கூட்டு நிதி ஒன்றுக்கு ஏற்பாடு செய்து வருகிறோம். அது எப்படி நடக்கும் என்று பலரும் கேட்பதால் இங்கே விளக்குகிறோம்.

முதல் வேலை பட்டியல். இப்போது விவரமறிந்த குடும்பம் நான்கு பள்ளிவாசலிலும் மனுக் கொடுத்து உதவி பெறுகிறது. கூச்சப்படும் குடும்பம் ஓரிடத்திலும் கேட்பதில்லை. நால்வருக்கும் பொதுவாக ஒரே பதிவேடு இருந்தால் இது சீராகும். பெயர்கள் வெளியே வராது.

அரசு தருவதை முதலில் பெற்றுவிட வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். அட்டையைப் பீரோவில் வைத்துவிட்டு நகையை அடகு வைத்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்! உடன் வர ஆளில்லாதவர்களுக்கு அறக்கட்டளை ஆள் அனுப்பும்.

பிறகு மிஞ்சுவது போக்குவரத்துச் செலவு. ஆட்டோவில் போய்வர 300 ரூபாய் என்றாலே, மாதம் 12 முறைக்கு 3,600 ஆகிறது. துணைக்குப் போகிறவரின் கூலி இழப்பு வேறு. ஒரு மஹல்லாவில் நோயாளிகள் ஓரிருவரே இருப்பார்கள் என்பதால் தனி ஜமாஅத் இதற்கென வேன் வைக்க முடியாது. நான்கு மஹல்லா சேர்ந்தால், ஒரே நேரத்தில் சிகிச்சைக்குச் செல்பவர்களை ஒரே வண்டியில் அனுப்பலாம்.

ஜகாத் பணத்தில் வேன் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. ஜகாத் தகுதியுள்ள ஏழையின் கைக்கே உடைமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து. எனவே மருந்து, பயணச் செலவுக்கான தொகையை ஜகாத்திலிருந்து நோயாளியிடமே கொடுப்போம். வேன், டயாலிசிஸ் இயந்திரம் போன்றவை ஸதகா, நன்கொடையிலிருந்து மட்டுமே. இரண்டுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு. ஸதகாவில் ஓடும் வேனில் மாற்றுமதச் சகோதரர்களும் ஏறலாம்.

"எங்கள் மஹல்லா பணம் எங்களுக்கே" என்று சிலர் தயங்குகிறார்கள். அவர்களுக்காகவே, ஜகாத்தை அந்தந்த ஜமாஅத்தே வைத்துக்கொள்ளும். பொது நிதிக்கு வீட்டுக் கணக்குப்படி சந்தா மட்டும் வரும். வரவு செலவு மாதந்தோறும் நான்கு பள்ளிவாசல் பலகையிலும் ஒட்டப்படும்.

உங்கள் தெருவில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால், மஃரிபுக்குப் பின் அலுவலகத்தில் தெரிவியுங்கள். பெண்கள் வீட்டுப் பிள்ளைகள் மூலம் எழுதியனுப்பினாலும் போதும்.