டூட்டி ரோஸ்டர் போடவும் ஒரு பட்டம்

கலிபோர்னியா மருத்துவமனைகளில் பொது வார்டுச் செவிலியர் ஒருவரிடம் ஐந்து நோயாளிகளுக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது. 1999இல் நிறைவேறி, 2004 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த சட்டம் இது. 30 படுக்கையும் நிரம்பிய வார்டு என்றால் ஒரு ஷிப்டுக்கு 6 பேர் வேண்டும். 12 மணி நேர ஷிப்ட், ஆக நாளுக்கு 12 பேர், வாரத்துக்கு 84 ஷிப்ட். ஒருவர் வாரம் மூன்று ஷிப்ட் பார்த்தால் 28 செவிலியர் தேவை. இதில் விடுப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, பிரசவம் இல்லை. சாப்பிடப் போகிறவருக்கு மாற்றாள்கூட இல்லை.

இந்தக் கணக்கைப் போட்டு, நிர்வாகத்திடம் பணம் கேட்டு வாங்க வேண்டியவர், நேற்று வரை ஊசி போட்டுக்கொண்டிருந்த மூத்த செவிலியர். வேலையில் கெட்டிக்காரர் என்பதால் மேலாளர் நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பட்ஜெட்டை அவருக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் அமெரிக்காவில் எம்.எஸ்.என். என்ற முதுநிலை நர்சிங் பட்டத்தில் தலைமைத்துவத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. மருத்துவமனை நிதி, ஆள் ஒதுக்கீடு, சிகிச்சைத் தரம், சட்டம் ஆகியவையே பாடங்கள். புதுமை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கச் செவிலியர்கள் பல்கலைக்கழகப் படி ஏறியதே இதற்காகத்தான். நியூயார்க்கின் கொலம்பியா டீச்சர்ஸ் காலேஜில் 1899இல் ‘மருத்துவமனைப் பொருளாதாரம்’ என்ற பயிற்சி தொடங்கியது. கண்காணிப்பாளர்களையும் ஆசிரியைகளையும் உருவாக்குவது அதன் நோக்கம். அதே கல்லூரியில் 1907இல் அடிலெய்ட் நட்டிங் பேராசிரியரானார். உலகில் அந்தப் பதவிக்கு வந்த முதல் செவிலியர் அவர்.

இன்றைய மாற்றம் படிக்கும் முறையில்தான். வாரம் மூன்று நாள் டூட்டி, அதிலும் பாதி நைட் என்று ஓடுபவரைச் செவ்வாய்க்கிழமை பத்து மணி வகுப்புக்கு வா என்றால் நடக்காது. 19 மாநில ஆளுநர்கள் சேர்ந்து 1997இல் தொடங்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வழி கண்டது. அங்கே வகுப்பறை கிடையாது, எல்லாம் ஆன்லைன். கட்டணம் ஆறு மாதத்துக்கு ஒரே தொகை. அதற்குள் எத்தனை பாடத்தை முடித்தாலும் கூடுதல் காசு கேட்பதில்லை. தெரிந்த பாடமா, தேர்வில் நிரூபித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பத்து ஆண்டு வார்டு பார்த்தவருக்கு இது பெரிய லாபம். தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவருக்கோ ஆறு மாதத்துக்கு ஒரு முறை பர்ஸ் இளைக்கும்.

நெகிழ்வு என்றால் சுலபம் என்று அர்த்தமில்லை. அமெரிக்கச் செவிலியர் கல்லூரிகள் சங்கம் 2021இல் திருத்திய நெறிமுறை, மேற்படிப்புக்குக் குறைந்தது 500 மணி நேரக் களப்பயிற்சி கேட்கிறது. அதை மடிக்கணினியில் முடிக்க முடியாது. ஏதாவது ஒரு தலைமைச் செவிலியரின் பின்னால் நடந்து, பட்ஜெட் கூட்டத்தில் உட்கார்ந்து, புகார்களை விசாரிக்கப் பழக வேண்டும். பட்டத்தின் தரத்தை நிர்ணயிப்பது இந்தப் பயிற்சிதான், விளம்பரத்தில் மின்னும் ‘உங்கள் வசதிப்படி’ அல்ல. அந்த வசதிக்கான நேரமும் பெரும்பாலும் தூக்கத்திலிருந்துதான் பிடுங்கப்படுகிறது. சேருமுன் பார்க்க வேண்டிய இன்னொன்று, நர்சிங் படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் சிசிஎன்இ அல்லது ஏசன் அமைப்பின் அங்கீகாரம்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன்? 2023 அரசுக் கணக்குப்படி பதிவுபெற்ற செவிலியரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 86,070 டாலர். மருத்துவச் சேவை மேலாளருக்கு 110,680 டாலர். ஆனால் நாற்காலிக்கு மாறியதும் ஓவர்டைம் போய்விடுவது வழக்கம். முதல் வருடம் கையில் வருவது குறைந்தாலும் வியப்பில்லை. படிப்புச் செலவில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை முதலாளி கொடுத்தால் ஊழியருக்கு அதன் மீது வரி இல்லை. நர்சிங்கில் சிறந்த மருத்துவமனைகளுக்குத் தரப்படும் ‘மேக்னட்’ முத்திரை வேண்டுமானால், அங்கே தலைமை நர்சிங் அதிகாரி முதுநிலைப் பட்டதாரியாக இருந்தாக வேண்டும்.

நோயாளிக்கு இதில் என்ன? பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா ஐக்கன் குழு 2002இல் ஒன்றைக் கண்டது: அறுவைச் சிகிச்சை நோயாளிகளில், செவிலியர் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. ஆள் கேட்டு நிர்வாகத்திடம் மல்லுக்கட்டுபவரின் கையில் இதைவிட வலுவான ஆதாரம் வேறில்லை.

இந்தியாவில் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. நர்சிங் மேலாண்மை அதில் ஒரு பாடம்தான். வேலையில் இருப்பவர் விடுப்பு எடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். இங்கிருந்தபடியே அமெரிக்க ஆன்லைன் பட்டம் வாங்கலாமே என்று தோன்றலாம். பெரும்பாலான கல்லூரிகள் முதலில் கேட்பது ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலத்தின் ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்) உரிமம், அதற்கு என்க்ளெக்ஸ் தேர்வில் தேற வேண்டும்.