மண்புழு உரம்: அள்ளும் முன் தண்ணீரை நிறுத்துங்கள்

அடி அண்ணாமலை பக்கம் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு மண்புழு உரத் தொட்டி நல்ல துணை. ஆனால், பச்சைச் சாணத்தை அப்படியே கொட்டினால், காசு கொடுத்து வாங்கிய புழு முழுவதும் சூட்டில் செத்துவிடும். 15 முதல் 20 நாள் ஆறிய சாணத்தோடு பாதி மட்கிய இலைதழையைக் கலந்து போடுங்கள். மேலே கீற்றுப் பந்தல் கட்டாயம். நம்ம ஊர் சித்திரை வெயிலைப் புழு தாங்காது. எறும்பு ஏறாமல் இருக்கச் சுற்றிலும் தண்ணீர் வாய்க்கால் விடுங்கள்.

உரம் தேயிலைத்தூள் போல ஆனதும், நான்கைந்து நாள் தண்ணீர் தெளிக்காதீர்கள். ஈரம் தேடிப் புழுக்கள் அடியில் இறங்கிவிடும். மேலாக வழித்தெடுத்து, நிழலில் குவித்துச் சலியுங்கள். சல்லடையில் நிற்கும் குட்டிப்புழு, முட்டைக்கூடுகளைத் திரும்பத் தொட்டியில் விடுங்கள். உரத்தை வெயிலில் காயப்போட்டால் நுண்ணுயிர்கள் அழிந்துவிடும். சிலர் எடை குறையட்டும் என்று அதைத்தான் செய்கிறார்கள். ஏக்கருக்கு 2 டன் போடலாம்.