எந்தத் தட்டு அசல்?

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஜாஸ் இசையில் மிக அதிகமாக விற்ற தட்டுகளில் ஒன்று. 1959 ஆகஸ்டில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அதன் முதல் பிரஸ்ஸிங் ஒருவரிடம் நல்ல நிலையில் இருந்தால், இசைத்தட்டுப் பிரியர்கள் நடுவில் அவருக்குத் தனி மரியாதை. ஆனால் அந்தத் தட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் மூன்று உருப்படிகளும் தவறான சுருதியில் ஒலிக்கின்றன.

நியூயார்க்கின் முப்பதாவது தெருவில் பழைய தேவாலயம் ஒன்றைக் கொலம்பியா ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியிருந்தது. 1959 மார்ச் 2 அன்று அங்கே பதிவு. ஒரு இயந்திரம் காலை வாரினாலும் வாசிப்பு வீணாகக் கூடாது என்று இரண்டு டேப் இயந்திரங்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். அவற்றில் முதன்மை இயந்திரம் அன்றைக்குக் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிப் பதிவான நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் காலப்பிரமாணம் கூடும், சுருதியும் ஏறும். அந்த நாடாவை வைத்துத்தான் தட்டு வெட்டினார்கள். ஏப்ரல் 22 அன்று பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தக் கோளாறு இல்லை. இரண்டாவது இயந்திரத்தின் நாடாவைத் தேடியெடுத்து, 1992-இல் வந்த ஒரு மறுபதிப்பில்தான் இதைச் சரிசெய்தார்கள்.

அப்படியானால் எது அசல்? வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இதில் அசைந்துகொடுக்கவே மாட்டார். "முப்பது வருஷமா உலகம் கேட்டது இதைத்தான் சார். பியானோ வாசிச்ச பில் எவான்ஸ் 1980-லயே போயிட்டார். திருத்தின தட்டை அவரே கேட்டதில்லை. இதுதான் சரித்திரம்" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிறு வயதில் வயலின் கற்றவன் நான். தம்புராவோடு ஒரு இழை விலகினாலும் வாத்தியார் வில்லை நிறுத்தச் சொல்வார். ஜான் கோல்ட்ரேன் அன்று எந்தச் சுருதியில் சாக்ஸபோன் ஊதினாரோ, அந்தச் சுருதியில் அவரைக் கேட்கத்தான் எனக்கு ஆசை. அதைத் தருவது மறுபதிப்புதான் என்றால் என் ஓட்டு மறுபதிப்புக்கே.

மறுபதிப்பு, ரீமாஸ்டர், ரீமிக்ஸ் என்ற மூன்றையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பல தடங்களில் தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒன்றுசேர்த்து அளவு பார்ப்பது மிக்ஸிங். அப்படிச் சேர்த்து முடித்த நாடாவை எடுத்து, மந்தரம் எவ்வளவு, தாரம் எவ்வளவு, மொத்த ஒலி எவ்வளவு என்று தீர்மானித்துத் தட்டுக்கோ சி.டி.க்கோ தயார் செய்வது மாஸ்டரிங். இந்த இரண்டாவது வேலையை மறுபடி செய்தால் ரீமாஸ்டர். முதல் வேலைக்கே திரும்பிப் போனால் ரீமிக்ஸ். இரண்டையும் செய்யாமல் பழைய அச்சிலிருந்தோ பழைய டிஜிட்டல் பிரதியிலிருந்தோ மறுபடி தட்டு போட்டாலும் அதற்கும் மறுபதிப்பு என்றுதான் பெயர். உறையைப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடிவதில்லை. சேகரிப்பாளர்களின் சண்டையில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிரித்தறியத் தட்டையே பார்க்க வேண்டும். கடைசிப் பாட்டு முடிந்து, நடு லேபிளுக்கு முன்னால், வழுவழுப்பாக ஒரு வளையம் இருக்கும். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அதில் எண்களும் எழுத்துகளும் தெரியும். இந்தத் தட்டு எந்த வெட்டிலிருந்து வந்தது என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். புளூ நோட் நிறுவனத்தின் பழைய ஜாஸ் தட்டுகளில் அந்த வளையத்தில் ஆர்.வி.ஜி. என்றோ வான் கெல்டர் என்றோ இருக்கும். கூடவே காது மடல் போல ஒரு சின்னக் குறி இருந்தால், அது பிளாஸ்டிலைட் தொழிற்சாலையில் அழுத்திய தட்டு. இந்த இரண்டும் இருந்தால் விலை எகிறும். அபூர்வமான சில தட்டுகள் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன.

ரூடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்தவர். நியூஜெர்சியில் தன் பெற்றோர் வீட்டின் கூடத்திலேயே ஒலிப்பதிவைத் தொடங்கியவர். பதிவு செய்ததும் அவரே, தட்டு வெட்டியதும் அவரே. அதனால் அவர் கையால் வெட்டியதற்கு மேல் ஒரு அசல் இருக்க முடியாது என்று முதல் பிரஸ்ஸிங் பக்தர்கள் சொல்கிறார்கள். ஆனால் அவர் வெட்டியது 1950களின் வீட்டு பிளேயர்களுக்காக. கனமான கை, மட்டமான முள். மந்தர ஒலியை முழுசாக வைத்து வெட்டினால் வரிப்பள்ளம் அகலமாக அலையும், முள் எகிறிக் குதிக்கும். ஆகவே மந்தரத்தைக் குறைத்து, ஒலியின் ஏற்ற இறக்கத்தையும் கொஞ்சம் நெருக்கித்தான் வெட்ட வேண்டியிருந்தது. நாடாவில் இருந்த டபுள் பேஸ் தட்டில் மெலிந்துபோனது. 2019-இல் புளூ நோட் தொடங்கிய 'டோன் போயட்' வரிசையில் மாஸ்டரிங் பொறியாளர் கெவின் கிரே அதே நாடாக்களிலிருந்து புதிதாக வெட்டுகிறார். இன்றைய பிளேயருக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. அதனால் பேஸ் தந்தியில் விரல் விழும் அழுத்தம் வரை கேட்கிறது.

பழைய தட்டின் பக்கம் இன்னொரு வலுவான வாதம் உண்டு, அதை நான் ஒருபோதும் தள்ளமாட்டேன். நாடாவுக்கு வயதாகிறது. ஓட்ட ஓட்ட அதன் மேல்பூச்சு தேய்கிறது, உச்ச ஒலிகள் மங்குகின்றன. 1970களிலும் 80களிலும் வந்த சில வகை நாடாக்களில் பூச்சை ஒட்டியிருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகும். ஓட்டினால் இயந்திரத்தின் தலையில் ஒட்டிக்கொண்டு உரிந்துவரும். மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து உலர்த்திய பிறகுதான் அவற்றை ஓட்டவே முடியும். முதல் பிரஸ்ஸிங் வெட்டப்பட்டதோ நாடா புத்தம் புதிதாக இருந்தபோது. சிம்பலின் மினுமினுப்பு, குரலின் மூச்சு இவையெல்லாம் சில பழைய தட்டுகளில் இருப்பதுபோல் எந்த மறுபதிப்பிலும் இல்லை. தட்டுக்குத் தட்டு கேட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

கேட்பதிலும் ஒரு கவனம் தேவை. இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வைக்காவிட்டால், சத்தமாக ஒலிப்பதே நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். நிறுவனங்களுக்கும் இது தெரியும். சி.டி.யில் ஒலிக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்ட முடியாது என்பதால், மெல்லிய இடங்களையெல்லாம் தூக்கி அந்த வரம்போடு ஒட்டவைத்தார்கள். 1990களிலிருந்து வந்த பல ரீமாஸ்டர்கள் இந்த நோய் பிடித்தவை. 2008-இல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' வந்தபோது, அதே பாடல்கள் ஒரு வீடியோ கேமில் நெருக்கப்படாமல் தெளிவாக ஒலிப்பதை ரசிகர்களே கண்டுபிடித்து, ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்து தரச் சொல்லி ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டார்கள். மெல்லிய இடமே இல்லாத இசையை அரை மணி நேரம் கேட்டால் காது களைத்துப்போகிறது. ரீமாஸ்டர் என்ற சொல்லைக் கண்டாலே பல சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம், அந்தக் கோபம் சரியானதே.

2022-இல் வந்த கோபம் வேறு வகை. கலிபோர்னியாவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் 1977-இலிருந்து உயர்தர மறுபதிப்புகளுக்குப் பெயர் வாங்கியது. டிஜிட்டல் கலப்பில்லாமல் அசல் நாடாவிலிருந்து நேராக வெட்டிய தட்டு என்று நம்பித்தான் அவர்களுடைய விலை உயர்ந்த வரிசையை 125 டாலர் கொடுத்து வாங்கினார்கள். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் தட்டுக் கடை நடத்தும் ஒருவர் கிளப்பிய கேள்வியைத் தொடர்ந்து, உண்மையை நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2011-இலிருந்தே பல தட்டுகளுக்கு நாடாவை முதலில் டிஜிட்டல் கோப்பாக மாற்றி, அந்தக் கோப்பிலிருந்துதான் வெட்டிவந்தார்கள். விவகாரம் நீதிமன்றம் போய், பணத்தைத் திருப்பித் தரும் உடன்பாட்டில் முடிந்தது.

அந்தத் தட்டுகள் மோசமாக ஒலித்ததாக யாரும் சொல்லவில்லை. டிஜிட்டல் வாடையே ஆகாது என்றிருந்தவர்கள்கூட அவற்றைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆகவே நல்ல டிஜிட்டல் பிரதி ஒன்று இடையில் வருவதால் இசை செத்துவிடாது என்பது அன்றே தெளிவாகிவிட்டது. ஆனாலும் வாங்கியவர்களின் கோபத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஒரு மறுபதிப்பை மதிப்பிட எனக்கு முதலில் தெரிய வேண்டியது, எந்த மூலத்திலிருந்து, எந்த வழியாக, யார் கையால் அது என்னிடம் வந்தது என்பது. அதை மறைத்தவர்களிடம் நல்ல ஒலிக்காக நன்றி சொல்ல முடியாது.

பீட்டில்ஸ் தட்டுகளில் எது அசல் என்ற கேள்வி இன்னும் சிக்கலாகிறது. 1967-இல் 'சார்ஜென்ட் பெப்பர்' வந்தபோது அவர்கள் கூடவே இருந்து வாரக்கணக்கில் மெனக்கெட்டது மோனோ மிக்ஸுக்குத்தான். ஸ்டீரியோ மிக்ஸைக் குழுவினர் இல்லாமலே சில நாளில் முடித்தார்கள். 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' பாட்டை மோனோவில் கேட்டுவிட்டு ஸ்டீரியோவில் கேட்டுப் பாருங்கள். ஸ்டீரியோவில் வேகம் குறைந்து, சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை இறங்கியிருக்கும். உலகத்தில் பெரும்பாலானவர்கள் பிற்காலத்தில் கேட்டு வளர்ந்தது அந்த இறங்கிய சுருதியைத்தான். 2009-இல் மோனோ சி.டி. பெட்டியும், 2014-இல் பழைய நாடாக்களிலிருந்து டிஜிட்டல் கலப்பின்றி வெட்டிய மோனோ எல்.பி.க்களும் வந்த பிறகுதான் சாதாரண ரசிகர் கைக்கு அந்த மோனோ மறுபடி எட்டியது. இங்கே மறுபதிப்பு செய்தது மீட்பு வேலை.

அவர்களுடைய புகழ்பெற்ற சிவப்பு, நீலத் தொகுப்புகளின் கதை வேறு. 1973-இல் வந்த அந்த இரண்டு தொகுப்புகளை 2023-இல் புது மிக்ஸோடு விரித்து வெளியிட்டார்கள். 1963-இல் இரண்டே தடங்களில் பதிவான பாட்டில், கித்தாரும் டிரம்மும் ஒரே தடத்தில் பின்னிக்கிடக்கும். ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் கற்றுக்கொண்ட கணினி அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஸ்டீரியோவில் குரல் ஒரு காதிலும் வாத்தியம் மறு காதிலும் கேட்ட அவஸ்தை தீர்ந்தது. டிரம்மின் உதை நடு நெஞ்சில் விழுகிறது. ஹெட்போனில் பாட்டுக் கேட்கும் இளைஞர்களுக்கு இது நல்ல வாசல். எனக்குக் கவலை வேறு. நாளைக்குச் செயலிகளில் இந்தப் புது மிக்ஸ் மட்டும் முன்னால் வந்து நின்று, 1963-இன் மோனோ தேடினாலும் கிடைக்காமல் போனால், ஒரு ஆவணம் கண்ணெதிரே அழிந்ததாகத்தான் அர்த்தம்.

நம் ஊர் சினிமாப் பாட்டுத் தொகுப்புகளில் இதை நான் அனுபவித்திருக்கிறேன். 1980களின் பாடல்கள் அடங்கிய சி.டி. ஒன்றை ஆசையாக வாங்கினேன். எல்.பி.யில் தெளிவாக நிற்கும் தபேலாவின் மேல் யாரோ எதிரொலியைக் கொட்டியிருந்தார்கள். ஒரு பாட்டின் முடிவில் வயலின்கள் இறங்கிவரும் பகுதி வருவதற்குள் ஒலியை மங்கவிட்டு முடித்துவிட்டார்கள். மூல நாடாவா, தட்டிலிருந்து எடுத்ததா, கேசட்டிலிருந்து எடுத்ததா என்று உறையில் ஒரு வரி இல்லை. நடிகரின் படம் மட்டும் பெரிதாக இருந்தது.

மூலநாடாவே இல்லாத இடத்தில் சேகரிப்பாளர்தான் மூலம். 2008-இல் ஹாலிவுட் யுனிவர்சல் வளாகத்தில் பற்றிய தீயில் மாஸ்டர் நாடாக்கள் ஏராளமாகக் கருகின. அங்கே எரிந்த நாடாவுக்கு வேறு நல்ல பிரதி இல்லையென்றால், இனி யாரோ ஒருவர் அலமாரியில் காப்பாற்றி வைத்திருக்கும் முதல் பிரஸ்ஸிங்தான் மிச்சமிருக்கும் சிறந்த சாட்சி. 78 சுற்றுத் தட்டுக் காலத்துக்குப் போனால் இதுவே நடைமுறை. 1952-இல் ஹாரி ஸ்மித் தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து 84 பதிவுகளைத் தேர்ந்து 'அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பு' என்று ஃபோக்வேஸ் நிறுவனம் மூலம் வெளியிட்டார். பெரும்பாலும் 1920களின் பிற்பகுதியில் வந்து, இருபதாண்டில் மறக்கப்பட்ட பாடகர்கள் அவர்கள். பாப் டிலன் தலைமுறை அந்தத் தொகுப்பில்தான் அவர்களைக் கண்டெடுத்தது. தொகுப்பு என்றால் இரண்டாந்தரம் என்று சொல்பவர்களிடம் நான் நீட்டும் பதில் இதுதான்.

நம் ஊரிலும் அப்படி ஒரு தொகுப்புக்குக் காத்திருக்கும் குரல் உண்டு. நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதில் மறைந்தார். அவர் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது அரக்குத் தட்டுகளில். அவற்றை 78 சுற்று என்று பொதுவாகச் சொன்னாலும், அந்தக் காலத்துப் பதிவுகள் எல்லாம் கறாராக அந்த வேகத்தில் நடந்தவை அல்ல. 74 சுற்றில் பதிவான தட்டை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும். உச்சத்தில் சஞ்சரித்ததற்கே பெயர்பெற்ற ஒரு குரலில் அரைக் கட்டை சின்ன விஷயமா? இரைச்சலை நீக்கும் மென்பொருளை அதிகமாக ஓட்டினால் கரகரப்போடு சேர்ந்து பிருகாவின் கூர்மையும் ஆர்மோனியத்தின் காற்றும் போய்விடும். கிட்டப்பாவை இனி தொகுப்பவர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் தட்டின் எண், ஓட்டிய வேகம், அந்த வேகத்தைத் தேர்ந்ததற்கான காரணம், தட்டைக் கொடுத்தவர் பெயர் எல்லாவற்றையும் அச்சிட வேண்டும். இரைச்சல் நீக்காத வடிவத்தையும் கூடவே தர வேண்டும். அப்படி ஒரு பெட்டி வந்தால், என்ன விலை சொன்னாலும் வரிசையில் முதலில் நிற்பேன்.