நுண்பாசி வளர்ப்பு

தேங்கிய நீர் சில நாட்களிற் பச்சை நிறங் கொள்வதை யாவருங் கண்டிருப்பர். அப்பசுமைக்குக் காரணமானவை நுணுக்குக்காட்டியின்றித் தனித்தனியே காணவியலாத நுண்பாசிகள். வேரும் தண்டும் இலையும் இவற்றுக்கு இல்லை. ஒற்றைக் கலமே முழுத் தாவரமாய் நின்று, ஞாயிற்றின் ஒளியால் நீரையும் காபனீரொட்சைட்டையுங் கொண்டு தனக்கு வேண்டிய உணவை ஆக்கிக்கொள்ளும். வைக்கோலுக்கும் வேருக்கும் நெற்பயிர் செலவிடும் பொருளை இவை செலவிடுவதில்லை.

இவற்றுட் பெரும்புகழ் பெற்றது குளோரெல்லா. ஒல்லாந்து நாட்டறிஞர் பெய்யரிங்கு 1890 ஆம் ஆண்டில் இதனைப் பிற உயிர்களினின்றும் பிரித்து விவரித்தார். உலர்ந்த குளோரெல்லாவில் ஏறத்தாழப் பாதி புரதமாகும். இரண்டாம் உலகப் போரின் பின், பெருகும் மக்கட்டொகைக்கு உணவு எங்ஙனங் கிட்டுமென்னும் அச்சம் பரவியபோது, அறிஞர் பலர் இதனை நாடினர். 1951 இல் அமெரிக்காவின் மசாச்சூசெற்சு மாநிலத்துக் கேம்பிரிட்சு நகரிற் கட்டடமொன்றின் கூரைமீது இது பேரளவில் வளர்த்துப் பார்க்கப்பட்டது. அத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 1953 இல் கானெகி நிறுவனம் ஒரு நூலும் வெளியிட்டது.

எனினும் அவ்வெண்ணம் கைகூடவில்லை. பாசி செறியுந்தோறும் மேலுள்ள கலங்கள் கீழுள்ளவற்றுக்கு ஒளியை மறைக்கும். ஆதலின் நீரை இடையறாது கலக்கிக்கொண்டிருத்தல் வேண்டும். திறந்த குளத்திற் பிற பாசிகளும் பாசியுண்ணும் சிற்றுயிர்களும் புகுந்துவிடும். இவற்றினும் பெரிய இடர் அறுவடையே. ஒரு இலீற்றர் நீரில் உலர்நிறையில் ஒரு கிராமும் தேறாத இக்கலங்கள் எளிதில் அடியிற் படியா. சாதாரண வடிகளிலும் தங்கா. விசையாற் சுழலும் பொறிகளைக்கொண்டு நீரை அகற்றி, எஞ்சியதை உலர்த்தவேண்டும். குளோரெல்லாவின் கலச்சுவரோ எளிதிற் செரியாதது. இத்துணைச் செலவில் விளையும் புரதம் சோயா அவரையோடு விலையிற் போட்டியிடல் எங்ஙனம்? நுண்பாசியிலிருந்து எரிநெய் பெற 1978 முதல் 1996 வரை அமெரிக்க அரசு நடத்திய ஆராய்ச்சியும், பாறைநெய்யினும் மலிவாக அதனை ஆக்கவியலாமையால் நிறுத்தப்பட்டது.

ஆயின் இத்தொழில் அற்றுப்போகவில்லை. மலிவான பண்டத்தை விடுத்து விலைமிக்க பண்டத்தை நாடியது. பிரான்சு நாட்டு மொம்பெலியே நகரையடுத்த உப்பளங்களின் செந்நீரை 1838 இல் தூனால் என்பார் ஆராய்ந்தார். அவர் பெயரால் 1905 இற் பெயரிடப்பட்ட துனலியெல்லா என்னும் நுண்பாசி, உறுதியான கலச்சுவர் இல்லாதது. கிளிசரோலைத் தன்னுள் ஆக்கிப் புறத்து உப்பின் இழுப்பை ஈடுசெய்கிறது. கடும் வெயிலும் மிகுந்த உப்பும் நைதரசன் குறைவும் ஒருங்கே வருத்தும்போது, ஒளியினின்றுங் காக்கும் திரைபோலப் பீற்றா கரோற்றீனைச் சேர்த்துவைக்கிறது. வளர்ச்சி குன்றும் அந்நிலையிலேதான் விலைமிக்க பொருள் மிகுவது என்பது வியப்புக்குரியது. அதன் அளவு உலர்நிறையிற் பத்திலொரு பங்கை எட்டுவதும் உண்டு. உணவுக்கு நிறமூட்டவும், உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறவும் இது பயன்படும்.

மேற்கு அவுத்திரேலியாவின் அற்று உப்பேரியில் இப்பாசி பரந்த திறந்த குளங்களில் வளர்க்கப்படுகிறது. பகையுயிர்களிற் பல அவ்வுப்பில் வாழமாட்டா; ஆதலின் மூடிய கலங்களின் செலவு அங்கு இல்லை. அறுவடையின் அருமை மட்டும் மாறவில்லை. ஆயிரம் இலீற்றர் உப்புநீரை வடித்தாலும் உலர்ந்த பாசி ஒரு கிலோகிராமும் தேறாது. கரோற்றீனின் விலையே அவ்வுழைப்பைத் தாங்குகிறது.