புனே, மும்பையில் தயாரான 'டைம் ரிவைண்ட்' கேம் கடைசிவரை வராதது ஏன்? காலத்தைத் திருப்பும் கேம்களில் என்னதான் சிக்கல்?

பள்ளத்தில் விழுந்து செத்துப்போன ஹீரோ, ஒரு பட்டனை அழுத்தியதும் அப்படியே பின்னோக்கிப் பறந்து, விழுவதற்கு முன்பு நின்ற இடத்திலேயே மறுபடியும் வந்து நிற்கிறான். 2003-ல் வெளியான 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' வீடியோ கேமை விளையாடியவர்கள் இந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த கேமை இன்றைய தொழில்நுட்பத்தில் புதிதாக உருவாக்கும் பொறுப்பு, இந்தியாவில் இருக்கும் புனே, மும்பை ஸ்டூடியோக்களுக்கு வந்தது. 2021 ஜனவரி 21-ல் ரிலீஸ் என்று தேதியும் குறித்தார்கள். சரியாக 5 வருடம் கழித்து, 2026 ஜனவரி 21-ல், அந்த கேம் இனி வரவே வராது என்று அறிவிப்பு வந்தது!

நடுவில் என்ன நடந்தது? காலத்தைத் திருப்புகிற கேமை உருவாக்குவது அவ்வளவு கஷ்டமா? விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இன்ஜினியரிங் படித்துவிட்டு கேம் துறைக்குப் போக ஆசைப்படும் மாணவர்களுக்கு இதில் என்ன பாடம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யார் இந்த இளவரசன்?

முதல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' 1989-ல் வந்தது. உருவாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜோர்டன் மெக்னர். தன் தம்பியை ஓடவிட்டு, தாவவிட்டு வீடியோ எடுத்து, அந்த அசைவுகளைப் பார்த்து ஒவ்வொரு படமாக வரைந்தார். 60 நிமிடத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் ஆட்டம். 90-களில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்களுக்கு, வெள்ளை உடையில் முள் பொறிகளைத் தாண்டி ஓடும் அந்த உருவம் ஞாபகம் இருக்கும்.

2003-ல் பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட், கனடாவில் உள்ள தன் மான்ட்ரியல் ஸ்டூடியோ மூலம் 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கேமை வெளியிட்டது. இதில் நமக்கு ஒரு ஆச்சரியம்... கதை தொடங்குவதே இந்தியாவில்தான்! பாரசீகப் படை ஒரு இந்திய மகாராஜாவின் அரண்மனையைத் தாக்குகிறது. அங்கே ஒரு குறுவாளும், மாய மணல் நிரம்பிய பெரிய மணல் கடிகாரமும் கிடைக்கின்றன. மந்திரி ஒருவரின் சூழ்ச்சியால் இளவரசன் அந்த மணலைத் திறந்துவிட, மனிதர்கள் பூதங்களாக மாறுகிறார்கள். அதைச் சரிசெய்ய அவனோடு சேருபவள் மகாராஜாவின் மகள் ஃபாரா.

குறுவாளில் மணல் இருக்கும்வரை சில நொடிகள் காலத்தைத் திருப்பலாம். மணல் தீர்ந்தால் அந்த வசதியும் போச்சு. சுவரில் ஓடுவது, பொறிகளைத் தாண்டுவது, ராட்சத இயந்திரங்களைச் சரியான நிலைக்குத் திருப்பிக் கதவைத் திறப்பது என்று ஆக்‌ஷனும் புதிரும் கலந்த கேம் இது.

ரிவைண்ட் எப்படி வேலை செய்கிறது?

ஒரு உதாரணம் சொன்னால் ஈஸியாகப் புரியும்.

நீங்கள் திண்டிவனத்தில் ரயில் ஏறுகிறீர்கள். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டி விழுப்புரத்தில் இறங்குகிறீர்கள். வழியில் 10 ரூபாய் கொடுத்து ஒரு டீ குடித்தீர்கள். விக்கிரவாண்டியில் ஜன்னல் வழியாக உங்கள் குடை வெளியே விழுந்துவிட்டது. இப்போது ரிவைண்ட் பட்டனை அழுத்துகிறீர்கள் என்று வையுங்கள்.

நீங்கள் மட்டும் திண்டிவனத்துக்குத் திரும்பினால் போதுமா? ரயில் திரும்ப வேண்டும். டீ கேனுக்குள் போக வேண்டும். 10 ரூபாய் டீக்காரரிடம் இருந்து உங்கள் பாக்கெட்டுக்கு வர வேண்டும். குடை உங்கள் கைக்கு வர வேண்டும். வழியில் இருந்த சிக்னல், கேட் எல்லாமே பழைய நிலைக்குப் போக வேண்டும்.

கேமும் இதைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. ஹீரோ எங்கே நிற்கிறான், எந்த வேகத்தில் போகிறான், எவ்வளவு உயிர் மிச்சம், கதவு திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பிரேமிலும் குறித்து வைத்துக்கொண்டே போகிறது. ரிவைண்ட் பட்டனை அழுத்தினால், அந்தக் குறிப்பைக் கடைசியில் இருந்து முன்னோக்கிப் படிக்கிறது. அவ்வளவுதான்!

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு அறையில் 100 பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் 50 பைட் குறிப்பு, வினாடிக்கு 60 பிரேம், 10 நொடி ரிவைண்ட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 30 லட்சம் பைட். அதாவது சுமார் 3 எம்பி. இன்றைய போனுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் அன்றைய பிளேஸ்டேஷன் 2-ன் முக்கிய மெமரியே 32 எம்பிதான். அதில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு இதற்கே போய்விடும்.

'எல்லாவற்றையும் ஏன் குறிக்கணும்? பிளேயர் எந்த பட்டனை அழுத்தினார் என்று மட்டும் குறித்தால் போதாதா?' என்று கேட்கலாம். அப்படியும் செய்யலாம். ஆனால் அதற்கு, அதே பட்டன்களை மறுபடி ஓட்டினால் துளி மாற்றம் இல்லாமல் அதே விளைவு வர வேண்டும். எதிரி எந்தப் பக்கம் திரும்புவான் என்பதைத் தற்செயலாக முடிவு செய்கிற கேமில் அதற்குத் தனியாக மெனக்கெட வேண்டும்.

பக் எங்கே நுழைகிறது?

சிக்கல் வருவது மறதியில்தான். எதைக் குறிக்க மறந்தீர்களோ, அது பக்.

குடையைக் குறிக்க மறந்துவிட்டால்? நீங்கள் திண்டிவனத்தில் நிற்பீர்கள், குடை விக்கிரவாண்டியிலேயே கிடக்கும். அது குடையாக இல்லாமல் கதவைத் திறக்கும் சாவியாக இருந்தால் ஆட்டம் காலி. கேம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் முன்னேற வழியே இருக்காது. இதற்கு 'சாஃப்ட்லாக்' என்று பெயர்.

10 ரூபாய் உங்களிடம் திரும்பி வந்தும், டீக்காரரிடமும் அப்படியே இருந்தால்? திரும்பத் திரும்ப ரிவைண்ட் செய்து பணத்தைப் பெருக்கிக்கொண்டே போகலாம். அதுவும் பக்தான்.

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. பள்ளத்தில் விழும் அந்த நொடியில் கேம் தானாக சேவ் ஆகிவிட்டால், எத்தனை முறை லோட் செய்தாலும் விழுந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

சாதாரண கேமில் ஒரு கதவு சரியாகத் திறக்கிறதா என்று சோதித்தால் போதும். ரிவைண்ட் கேமில் அந்தக் கதவு திறக்கும்போது, மூடும்போது, பாதி திறந்திருக்கும்போது காலத்தைத் திருப்பினால் என்ன ஆகும் என்றும் சோதிக்க வேண்டும். வேலை பல மடங்கு!

இந்தக் குறையையே சாமர்த்தியமாகப் பயன்படுத்திய கேமும் இருக்கிறது. 2008-ல் ஜோனதன் ப்ளோ உருவாக்கிய 'பிரெய்ட்' கேமில், பச்சை நிறத்தில் மினுங்கும் பொருட்கள் மட்டும் ரிவைண்டுக்குக் கட்டுப்படாது. சாவியை எடுத்துக்கொண்டு காலத்தைத் திருப்பினால், நீங்கள் பழைய இடத்துக்குப் போவீர்கள், சாவியும் கையிலேயே இருக்கும். நம்ம குடைப் பிரச்னையையே புதிராக மாற்றிவிட்டார் மனுஷன்.

ஸ்டீம்பங்க் என்றால் என்ன?

காலத்தைத் திருப்பும் கேம்களைத் தேடினால் 'ஸ்டீம்பங்க்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். பெட்ரோலும் சிலிக்கான் சிப்பும் வராமல், உலகம் நீராவி இன்ஜினிலேயே வளர்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனைதான் அது. பித்தளைக் குழாய், பல்சக்கரம், புகை விடும் பறக்கும் கப்பல் என்று இருக்கும். இந்தப் பெயரை 1987-ல் வைத்தவர் எழுத்தாளர் கே.டபிள்யூ. ஜீட்டர். ஆனால் எச்.ஜி. வெல்ஸ் எழுதி 1895-ல் வந்த 'தி டைம் மெஷின்' நாவலிலேயே இதன் வேர் இருக்கிறது.

பல்சக்கரம் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். எதைத் திருப்பினால் எது அசையும் என்று பார்த்தே புரிந்துகொள்ளலாம். அதனால்தான் புதிர் கேம்களுக்கு இந்த உலகம் பொருத்தமாக அமைகிறது. இன்எக்ஸைல் நிறுவனம் 2023 ஜூனில் அறிவித்த 'கிளாக்வொர்க் ரெவல்யூஷன்' இந்த வகைதான். கடந்த காலத்துக்குப் போய் நீங்கள் செய்யும் வேலை, நிகழ்காலத்து நகரத்தையே மாற்றிவிடும். 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' ஸ்டீம்பங்க் கேம் கிடையாது. ஆனால் அதன் ராட்சதப் பொறிகளைப் பார்த்தால் ரெண்டும் ஒண்ணுவிட்ட சொந்தம் என்று சொல்லத் தோன்றும்.

புனே, மும்பையில் நடந்தது என்ன?

கேம்லாஃப்ட் நிறுவனத்திடம் இருந்த புனே ஸ்டூடியோவை 2008-ல் யூபிசாஃப்ட் வாங்கியது. மும்பை ஸ்டூடியோ 2018-ல் வந்தது. மற்ற நாட்டு ஸ்டூடியோக்களின் கேம்களுக்குக் கைகொடுத்து வந்த இந்திய அணிக்கு, இவ்வளவு பெரிய பெயர் கொண்ட கேமை முன்னின்று செய்யும் வாய்ப்பு கிடைத்தபோது இங்கே எதிர்பார்ப்பு எகிறியது.

அதன் பிறகு நடந்தவை:

2020 செப்டம்பர் 10: டிரெய்லருடன் அறிவிப்பு. முகங்களும் வெளிச்சமும் பழைய கேம் மாதிரி இருக்கிறது என்று ரசிகர்கள் வெளுத்து வாங்கினார்கள்.

2020 டிசம்பர்: ரிலீஸ் 2021 மார்ச் 18-க்குத் தள்ளிப்போனது.

2021 பிப்ரவரி: தேதி சொல்லாமலேயே மீண்டும் ஒத்திவைப்பு.

2022 மே: கேம் புனே, மும்பையில் இருந்து மான்ட்ரியல் ஸ்டூடியோவுக்கு மாற்றம். அதே ஆண்டு பிற்பகுதியில் முன்பதிவுகள் ரத்து, பணம் திருப்பித் தரப்பட்டது.

2024 ஜூன்: 2026-ல் வரும் என்று சின்ன டீசர்.

2026 ஜனவரி 21: கேம் ரத்து. நிறுவனத்தின் பெரிய மறுசீரமைப்பில் கைவிடப்பட்ட 6 கேம்களில் இதுவும் ஒன்று.

யார் மேல் தப்பு?

'நம்ம ஆளுங்களுக்கு வரல' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கணக்கு அப்படி வரவில்லை. 2003-ல் இந்த கேமைப் பெற்றெடுத்த மான்ட்ரியல் ஸ்டூடியோவே கையில் எடுத்து மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியும் முடியவில்லை. எதிர்பார்க்கும் தரத்துக்குக் கொண்டுவர இன்னும் நேரமும் பணமும் தேவைப்படும் என்பதுதான் நிறுவனம் சொன்ன காரணம்.

மறுபடியும் ரயிலுக்கே வருவோம். விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என 5 பக்கம் பாதை பிரிகிறது. திண்டிவனம் போக வேண்டியவர் அவசரத்தில் திருச்சி ரயிலில் ஏறிவிடுகிறார். வண்டி கிளம்பும் முன் தெரிந்தால் இறங்கி மாறிவிடலாம், நஷ்டம் 2 நிமிடம். விருத்தாசலம் வந்த பிறகு தெரிந்தால் அரை நாள் போச்சு.

கேம் தயாரிப்பிலும் இதே கதைதான். தோற்றம் எடுபடவில்லை என்பது முதல் சில மாதங்களில் தெரிந்தால் ஒரு அறையை மாற்றினால் போதும். ரிலீசுக்கு 4 மாதம் முன்பு டிரெய்லர் வந்தபிறகு தெரிந்தால், எல்லா அறையையும் மாற்றி, ஒவ்வொரு கதவையும் பொறியையும் ரிவைண்டோடு சேர்த்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். கேமுக்குள் இருக்கும் குறுவாள், கேமை உருவாக்குபவர் கையில் இல்லையே!

சின்ன அணியால் முடியும் என்பதற்கும் புனேவிலேயே உதாரணம் இருக்கிறது. நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம், 2017-ல் மக்களிடம் நிதி திரட்ட முயன்று இலக்கை எட்டவில்லை. ஆனாலும் விடவில்லை. 2020-ல் 'ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்' கேமை வெளியிட்டுக் காட்டியது.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊரிலும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கிற ஒருவர் இதை இன்றே சோதித்துப் பார்க்கலாம். 'கோடாட்' என்ற இலவச கேம் இன்ஜினை டவுன்லோடு செய்யுங்கள். உருண்டு ஓடும் ஒரு பந்தைச் செய்து, அதை 5 நொடி பின்னால் போக வையுங்கள். அது வந்துவிடும். அடுத்து ஒரு கதவு, ஒரு சாவி, ஓர் எதிரி என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். எந்த இடத்தில் உடைகிறது, ஏன் உடைகிறது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். இன்டர்வியூவில் 'எனக்கு கேம் பிடிக்கும்' என்று சொல்வதைவிட அந்த நோட்டு நிறைய பேசும். பக் கண்டுபிடிக்கும் டெஸ்டிங் வேலைக்கும் அதே பழக்கம்தான் அடிப்படை.

காசு கொடுத்து வாங்கும் முன்...

டிரெய்லரைப் பார்த்து முன்பதிவு செய்ய அவசரப்பட வேண்டாம். ரிலீஸ் ஆகி ஒரு வாரம் பொறுத்து, உங்களிடம் இருக்கும் அதே கருவியில் விளையாடியவர்களின் விமர்சனத்தைப் பாருங்கள். 'ஸ்டீம்' ஆன்லைன் கடையில் வாங்கினால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கூகுள் பிளே ஸ்டோரில் வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கேட்பது நல்லது.

இளவரசனை விட மனசில்லாதவர்களுக்கு ஒரு ஆறுதல். இதே வரிசையில் 2024 ஜனவரியில் வந்த 'தி லாஸ்ட் கிரவுன்' 2025 ஏப்ரல் முதல் செல்போனிலும் கிடைக்கிறது. அதில் ஹீரோ சர்கோன் தன் நிழலை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, ஆபத்து வந்தால் சட்டென்று அங்கேயே திரும்பிவிடலாம். போனில் இடம் இருந்தால் முயற்சி செய்து பாருங்கள்.